மெய்யப்பனின் ஐந்து விரல்கள்

வைத்துவிட்டான். பார், வைத்தேவிட்டான். தண்ணீர் பாட்டிலை ஓரம் தள்ளி, லேப்டாப்பை ஒரு சாண் நகர்த்தி, அந்த இடத்தில் வலது கையை விரித்து வைத்தாயிற்று. மோதிர விரல் உள்பட ஐந்தும் தனித்தனியாக, மேஜையைத் தனக்கே பட்டா போட்டுக்கொண்ட மாதிரி. செண்பகவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். ரெஜினா பார்த்தாயிற்று. பாரூக் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்துகொண்டான். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் போட்ட திருவேங்கடம் சார் பார்க்காத மாதிரி பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. அஞ்சு. ஆளுக்கு ஏழு சீட்டு கொடுத்திருக்கிறார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று. ஒரு வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்று அவரவர் மனசில் நினைத்து, சீட்டைக் கவிழ்த்து வைத்து, மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். நாள் என்று சொல்லக்கூடாதாம், பாயிண்ட் என்று சொல்ல வேண்டுமாம். என்ன இழவோ, எல்லோரும் நாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கவிழ்த்து வைக்கிற சடங்கு. எவனோ புண்ணியவான் எங்கேயோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான். இங்கே சோழிங்கநல்லூரில், ஆறாவது மாடியில், கண்ணாடி அறையில், ஏசி பல்லைக் கிட்டிக்கவைக்கிற குளிரில், அதற்கு நம் ஆட்கள் ஒரு மாற்று மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். மேனேஜர் மெய்யப்பனின் கை. விரித்து வைத்தால் அஞ்சு. மூன்று விரலால் தாளம் போட்டால் மூன்று. ஒருநாள் ஆள்காட்டி விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான், நான்கு பேரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஒன்றைத் தூக்கினோம். அடுத்த பத்து நாள் அந்த ஒரு நாள் வேலையைச் செய்து மாய்ந்தோம். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவே வேண்டாமே.

"ரெடியா? குழந்தைங்க டோஸ் செக். லாஸ்ட் ஐட்டம். முடிச்சுட்டு டீ சாப்பிடலாம்" என்றான் மெய்யப்பன். உடனே அவன் போன் அடித்தது. "ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரிக்காரங்க" என்று இடது கையால் எடுத்துக் காதில் வைத்தான். வலது கை மேஜையை விட்டு அசையவில்லை. அசையாதே, ராசா. அசைந்தால் வானம் இடிந்து விழுந்துவிடும். "ஆமா சார், தை பன்னெண்டு, கன்ஃபார்ம்டு சார்" என்கிறான். தை பன்னிரண்டு! இந்த மென்பொருளை எழுத எத்தனை நாள் வேண்டும் என்று முடிவு செய்தது யார் தெரியுமா? செண்பகவல்லி இல்லை, பாரூக் இல்லை, சாட்சாத் கரூர் ஜோசியர். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைத் தை பன்னிரண்டு திறந்தால் அமோகமாக இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். பத்திரிகை அடித்தாயிற்று, பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, மந்திரிக்குத் தேதி கொடுத்தாயிற்று. இரண்டாவது மாடியில் குழந்தைகள் வார்டு. டாக்டர் மருந்து எழுதினால், குழந்தையின் எடையைப் பார்த்து, அளவு கூடினால் நிறுத்தி, நர்ஸுக்குச் சிவப்பு எழுத்தில் காட்ட வேண்டிய வேலை இந்த மென்பொருளுடையது. அது சரியாக நிறுத்துகிறதா என்று சோதிக்கிற பொறுப்பு செண்பகவல்லியுடையது. இருபத்தொரு நாள் வேண்டும். ராத்திரி பகல் யோசித்து, ஒவ்வொரு மருந்தாக எழுதிப் பார்த்து, குறைத்துக் குறைத்து வந்த கணக்கு இருபத்தொன்று. தேதியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் மிச்சம் கிடப்பது அஞ்சு. முன்னால் எண்ணுகிறவளுக்கு இருபத்தொன்று, பின்னால் எண்ணுகிறவனுக்கு அஞ்சு. இதற்குப் பெயர் திட்டமிடல். த்தூ! வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கோட் போட்ட ஆள் வருகிறான், புது முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறான், சுவரில் கலர் கலராகக் காகிதம் ஒட்டவைக்கிறான். காலையில் நின்றுகொண்டே பேசுங்கள், அப்போதுதான் சுருக்கமாகப் பேசுவீர்கள் என்றான் போன வருஷம் வந்தவன். நிற்கிறோம், முக்கால் மணி நேரம் நிற்கிறோம், எனக்குக் குதிகால் வலி வந்ததுதான் மிச்சம். முறை மாறுகிறது, பெயர் மாறுகிறது, காகிதத்தின் கலர் மாறுகிறது. தேதியை எவனோ ஒருவன் எங்கேயோ வைத்துவிட்டு வருகிறானே, அது மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது.

போனில் என்னவோ சிரிக்கிறான். சிரி. இரண்டரை மில்லி. காலையில் மகள் பூவிழிக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல். சிரப் மூடியில் கோடு போட்டிருக்கிறதே, அந்தக் கோடு வரைக்கும் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டுக் கூடிவிட்டது என்று திரும்பக் கொட்டி, மறுபடி ஊற்றி. "ஏம்மா இப்பிடிப் பாக்க, விஷமா குடுக்கப் போற?" என்று ஐந்து வயசு நாக்கு கேட்கிறது. அவள் எடை பதினாறு கிலோ. அது எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியும். அந்த வார்டில் யாருக்குத் தெரியும்? எடைக் கட்டத்தை யாராவது காலியாக விட்டால் நம் மென்பொருள் என்ன செய்கிறது? பெரியவர் என்று எடுத்துக்கொள்கிறது. போன வியாழக்கிழமை பார்த்தேன், கண்ணால் பார்த்தேன். காலியாக விட்டேன், அது அறுபது கிலோ என்று தானாகப் போட்டுக்கொண்டு, பச்சை எழுத்தில் சரி என்றது. பதினாறு கிலோ பிள்ளைக்கு அறுபது கிலோ ஆளின் மருந்து, சரி! பாரூக்கிடம் காட்டினேன், "அக்கா, இது ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு" என்றான், முகம் வெளுத்துப் போய். அந்த ஒன்று எனக்குத் தெரிந்தது. தெரியாதது எத்தனை கிடக்கிறதோ, அதைத் தேடத்தானே நாள் கேட்கிறேன்? மெய்யப்பனிடமும் சொன்னேன். "ஃபிக்ஸ் பண்ணிடலாம் செண்பகா, உங்கள நம்பித்தான இருக்கேன்" என்றான். அந்த வார்த்தை! உங்களை நம்பித்தான். அதை அவன் சொல்லும்போதெல்லாம் அவள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள், ஏனென்றால் அது பொய் இல்லை. மாமியாரைப் பார்த்து, பிறகு பிள்ளை பெற்று, ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடிய பெண்ணை எவன் சீந்தினான்? பதினேழு இடத்தில் இடைவெளி, இடைவெளி என்று அதையே நோண்டினார்கள். இவன் ஒருத்தன்தான், "டெஸ்டிங் பழகின கண்ணு எங்கயும் போகாதுங்க, ஞாயித்துக்கிழமை கழிச்சு வந்துடுங்க" என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த உப்பைத் தின்று மூன்று வருஷமாயிற்று. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. கெட்டவனாக இருந்துதொலைந்தால் என்ன? திட்டிவிட்டுப் போகலாமே. நல்லவன் கையை விரித்து வைத்தால் என்ன செய்வது?

ஏகாம்பரம். வந்துவிட்டது பாருங்கள் அந்தப் பெயர். எங்கே சுற்றினாலும் கடைசியில் செருப்பைக் கழற்றிப்போடுகிற இடம் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நேரம் ஒதுக்குகிற மென்பொருள். அன்றைக்கும் இதே கை, இதே ஐந்து விரல். மூன்று வாரச் சோதனையை அஞ்சு என்று தூக்கியவள் செண்பகவல்லி. தூக்கும்போது தெரியும், வாரம் மாசக் கடைசியைத் தாண்டினால் சில பெயர்கள் பட்டியலில் இருந்து விழுகின்றன என்று தெரியும். ஒரு முறை பார்த்தாள், மறுபடி செய்து பார்த்தபோது வரவில்லை, நேரமும் இல்லை, விட்டுவிட்டாள். மாசம் முடிந்தது. ஒரு நர்ஸ் புகார் எழுதியிருந்தாள்: ஏகாம்பரம் என்பவர் இரண்டு பஸ் மாறி வருகிறார், இரண்டு முறை வந்துவிட்டார், அவர் பெயர் பட்டியலில் இல்லை, திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள், தயவுசெய்து பாருங்கள். தயவுசெய்து என்று எழுதியிருந்தாள். மெய்யப்பன் அன்றைக்கு, "பழசெல்லாம் க்ளோஸ் பண்ணிடுங்க செண்பகா, ரிவ்யூ வருது" என்றான். எப்படி மூடு என்று சொல்லவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்தியவர் பிழை' என்று போட்டது செண்பகவல்லியின் விரல். மெய்யப்பனின் விரல் இல்லை, என் விரல். நர்ஸ் மேல் பழி. பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் அந்தப் பட்டியலைத் திறந்து தேடினாள். ஏகாம்பரத்தின் பெயருக்கு எதிரே நீக்கப்பட்டது என்று இருந்தது. காரணம்: இனி தேவையில்லை. இனி தேவையில்லை என்றால்? வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். போயிருக்கலாம் இல்லையா, பக்கத்திலேயே ஒன்று திறந்திருப்பார்கள், இரண்டு பஸ் மாற வேண்டாமே என்று மகன் சொல்லியிருப்பான். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருக்கும். கிடைக்கிறது, சிலருக்குக் கிடைக்கிறது. இனி தேவையில்லை. போன் செய்து கேட்டிருக்கலாம், நம்பர் அங்கேயே இருந்தது, பத்து எண், இரண்டு வருஷமாக ஒரு பத்து எண்ணை அழுத்தத் தைரியம் வராதவள் மெய்யப்பனைக் கோழை என்று நினைக்கிறாளே, சீச்சீ. பஸ்ஸில் யாராவது டயாலிசிஸ் முடித்த மாதிரி கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஏறினால் இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இனி தேவையில்லை.

"கண்டிப்பா சார், ஒண்ணும் ஸ்லிப் ஆகாது சார்." இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். ஒன்றும் நழுவாதாம். கோவில்பட்டியில் வீடு கட்டியபோது அப்பாவும் இப்படித்தான், புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறித்துப் பத்திரிகை கொடுத்துவிட்டு, கூரைக்கு முட்டுக் கொடுத்த சென்டரிங் பலகையைப் பிரித்துவிடு என்று நின்றார். மேஸ்திரி சுடலைமுத்து பீடியை அணைத்துவிட்டு, "சார், மேக்கூரைக்கு இருவத்தோரு நாளு. கான்கிரீட்டுக்கு ஒங்க முகூர்த்தம்லாம் தெரியாது" என்றார். அப்பா கத்தினார், பஸ் கண்டக்டர் குரல், தெருவே கேட்டது. சுடலைமுத்து கொத்துக்கரண்டியைக் கழுவினார், சட்டையை மாட்டினார், "வேற ஆள வச்சு பிரிச்சுக்கிடுங்க, நான் கெட்டுனதுன்னு எவங்கிட்டயும் சொல்லிராதீய" என்று சைக்கிளை எடுத்தார். அப்பா அன்று முழுக்க அந்த ஆளைத் திட்டினார். மறுநாள் காலையில் பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்ப நடந்தார், தேதி மாற்றிச் சொல்ல. எட்டாம் வகுப்புத் தாண்டாத மனுஷன் சுடலைமுத்து. நான் எம்.சி.ஏ. மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறது என் சீட்டு, அஞ்சு. எப்போது வைத்தேன்? கையே வைத்துவிட்டது, என்னைக் கேட்காமல். மூலை மடிந்து, அழுக்கேறி, எத்தனை முறை தூக்கிய சீட்டு! வெளங்கும். நல்லா வெளங்கும் போ.

மெய்யப்பன் போனை வைத்தான். "சாரிப்பா. ரெடியா? ஒன்... டூ..."

செண்பகவல்லி அழுக்குச் சீட்டை உருவிவிட்டுச் சீட்டுக்கட்டின் கடைசிச் சீட்டை எடுத்து வைத்தாள். அது வழவழவென்று, ஓரம் கையை வெட்டுகிற மாதிரி இருந்தது. இந்தக் கட்டு கைக்கு வந்து மூன்று வருஷமாகிறது, அந்தச் சீட்டை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"த்ரீ."

அஞ்சு, அஞ்சு, அஞ்சு, இருபத்தொன்று.

"செண்பகா, சீட்டு மாறிடுச்சா?" என்றான் மெய்யப்பன் சிரித்தபடி.

"இல்ல."

"சரி, இன்னொரு ரவுண்டு போயிடலாம்." விரித்த கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது. மறுபடி எண்ணினான். மறுபடியும் அஞ்சு, அஞ்சு, அஞ்சு, இருபத்தொன்று. ரெஜினா அவளை முழங்காலால் இடித்தாள், வேண்டாம்க்கா என்கிற மாதிரி.

"ரூல் என்ன, தனியா நிக்கறவங்க காரணம் சொல்லணும். சொல்லுங்க" என்றான். குரலில் சிரிப்பு வடிந்துவிட்டிருந்தது.

சொல்லத் தெரியாதா என்ன? எடைக் கட்டம் காலியாக இருந்தால் ஒன்று, கிலோவுக்குப் பதில் கிராமில் போட்டால் இரண்டு, புள்ளி இடம் மாறினால் மூன்று என்று மனசில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ஏகாம்பரம்."

"யாரு?"

"டயாலிசிஸ் புராஜெக்ட்டுல ஒருத்தர். லிஸ்ட்ல பேர் விழுந்து ரெண்டு தடவ திருப்பி அனுப்பினாங்க. டெஸ்டிங்லயே நான் அதைப் பாத்தேன். அஞ்சு நாளுன்னு தூக்கிட்டேன், தேடல. கம்ப்ளெயின்ட் வந்தப்போ யூசர் எரர்னு போட்டு மூடினேன். அந்த மனுஷன் இருக்காரா இல்லையான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது."

மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "அது வேற புராஜெக்ட் செண்பகா. எமோஷனலா போகாதீங்க. மெஜாரிட்டி அஞ்சு. அஞ்சுன்னே போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க. ரிலீஸ் ஃபார்ம்ல சோதிச்சவர் பேர்னு ஒரு எடம் இருக்குல்ல? அங்க என் பேர் வராது."

"உங்கள நம்பித்தானே நான்..."

"தெரியும்!" குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது, கண்ணாடிக்கு வெளியே இரண்டு தலைகள் திரும்பின. திரும்பட்டும். "யாரும் குடுக்காதப்போ வேலை குடுத்தீங்க, மறக்கல. அதுக்காக மூணு வருஷமா உங்க கையப் பாத்துச் சீட்டுத் தூக்கியாச்சு. நான் மட்டுமில்ல, எல்லாரும்தான். இனி முடியாது."

"என் கையா?" என்றான் மெய்யப்பன்.

குனிந்து பார்த்தான். மேஜைமேல் கிடக்கிற தன் கையை, பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். விரல்களை ஒரு முறை மடக்கி விரித்தான். "என் கையில என்ன?" நடிக்கிறானா? செண்பகவல்லி அவன் முகத்தைத் துருவிப் பார்த்தாள். நடிப்பு மாதிரி தெரியவில்லை. ஐயோ, நடித்தால்கூடத் தேவலையே. சும்மா வைத்த கையா அது? மூன்று வருஷமாக அவன் பாட்டுக்குக் கையை வைத்தானா, நாம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டோமா? ஒன்று தட்டியதும் ஒன்று தூக்கினோமே, அவன் வேறு எதையோ நினைத்துத் தட்டினானா? தேதி மேலே இருந்து வருகிறது என்று அவன் பயந்தது நிஜம், அது அவன் முகத்தில் இருந்தது. அந்தப் பயத்தை விரல் விரலாக எண்ணிப் பார்த்து, அவன் கேட்பதற்கு முன்னாலேயே சரி சாமி என்று எடுத்து நீட்டியது யார்? ரெஜினா தலைகுனிந்திருந்தாள். பாரூக் ஜன்னலைப் பார்த்தான். திருவேங்கடம் சார் தொண்டையைச் செருமினார். கோபம் தணியவில்லை அவளுக்கு. போய் விழ இடம் தெரியாமல் நெஞ்சுக்குள் நின்று எரிந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது, மெய்யப்பன் அதைக் கவிழ்த்து வைத்தான். பிறகு வலது கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேஜையில் கை இருந்த இடத்தில் ஈரமாக ஐந்து விரல் தடம் தெரிந்தது, ஏசிக் காற்றில் அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ தூக்குங்க" என்றான். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு எண்ணினான். மூன்று என்று சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் சீட்டுகள் சரசரவென்று மாறுகிற சத்தம் கேட்டது. பாரூக் எட்டு தூக்கியிருந்தான். ரெஜினா பதின்மூன்று. செண்பகவல்லி இருபத்தொன்று. கடைசியாகத் திருவேங்கடம் சார், யாரையும் பார்க்காமல், மெதுவாகத் தூக்கினார். அவருடையதும் இருபத்தொன்று. இருபத்தைந்து வருஷ சர்வீஸ். அந்தச் சீட்டும் மூலை மடியாமல், புதுசாகத்தான் இருந்தது.